நேச்சுரலா, கொழுப்பு குறைத்ததா? எந்த பீனட் பட்டர் வாங்கலாம்

எங்கள் வீட்டில் இப்போது வாங்குவது வேர்க்கடலையும் உப்பும் மட்டும் சேர்ந்த நேச்சுரல் பீனட் பட்டர். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் ‘ரெட்யூஸ்டு ஃபேட்’, அதாவது கொழுப்பு குறைத்தது என்று எழுதிய டப்பாவும் அதன் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம், லேபிள்களை வரி வரியாகப் படித்தோம், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இங்கே நியூ ஜெர்சியில் தோழிகள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார். அப்போ கொழுப்பு குறைஞ்ச டப்பாதானே நல்லது?” கடை வாசலில் நின்று பதில் சொல்லி முடிக்க முடியாத கேள்வி அது. அதனால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் மீதி.

எங்களுக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் என் கணவரின் ரத்தப் பரிசோதனை முடிவு. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதல், சர்க்கரை எல்லைக்கோட்டில். தெற்காசியர்களிடம் இந்த இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். அவருடைய காலை உணவு பெரும்பாலும் பீனட் பட்டர் தடவிய ரொட்டி அல்லது அதைக் கலந்த ஓட்ஸ். தினமும் உள்ளே போகிற பொருள் என்பதால் அதை ஒழுங்காகத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகப் பட்டது.

சில விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடலாம். இரண்டு வகையிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு டேபிள்ஸ்பூனுக்கு 7, 8 கிராம். இரண்டும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. கொழுப்பு குறைத்தது இனிப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். நேச்சுரலில் வறுத்த கடலையின் வாசனை தூக்கலாக இருக்கும். குழந்தைகளுக்கு முதலில் பிடிப்பது பெரும்பாலும் இனிப்பானதுதான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது.

தெரிய வேண்டியது இதுதான்: கொழுப்பைக் குறைத்த இடத்தில் எதை வைத்தார்கள்?

வேர்க்கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய். 100 கிராம் பச்சைக் கடலையில் கிட்டத்தட்ட 49 கிராம் கொழுப்பு, 26 கிராம் புரதம், 16 கிராம் கார்போஹைட்ரேட், அதில் எட்டரை கிராம் நார்ச்சத்து. கடலையை வறுத்து அரைத்தால் அதே விகிதத்தில்தான் விழுது வரும். அந்த எண்ணெயில் ஒரு பகுதியைப் பிழிந்து எடுத்துவிட்டுத் தருகிறார்கள் என்றுதான் ‘ரெட்யூஸ்டு ஃபேட்’ என்ற பெயரைப் பார்த்ததும் நமக்குத் தோன்றும். டப்பாவின் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கதை வேறு.

ஜிஃப் என்ற பிராண்டின் ரெட்யூஸ்டு ஃபேட் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கடலை 60 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருக்கிறது. ஸ்கிப்பி என்ற இன்னொரு பிராண்டின் கொழுப்பு குறைத்த வகையும் 60 சதவீதம்தான். இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு 36 கிராம் என்று வைத்தால், அதில் உண்மையான கடலை 22 கிராமுக்குள். மீதி 14 கிராம் கடலையே இல்லை: கார்ன் சிரப் சாலிட்ஸ், சர்க்கரை, பட்டாணிப் புரதம் அல்லது சோயாப் புரதம், கொஞ்சம் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய், உப்பு. நேச்சுரல் பாட்டிலில் அதே இரண்டு டேபிள்ஸ்பூன் 32 கிராம். சிட்டிகை உப்பைத் தவிர எல்லாமே கடலை. ஆக, கடலையிலிருந்து கொழுப்பை எடுத்ததாகத் தெரியவில்லை. கடலையையே குறைத்துவிட்டு, அந்த இடத்தை மலிவான மாவுச்சத்தாலும் சர்க்கரையாலும் நிரப்பியிருக்கிறார்கள். கொழுப்பு அதனால்தான் குறைந்தது.

கலோரிக் கணக்கையும் பாருங்கள். நேச்சுரலில் இரண்டு டேபிள்ஸ்பூனுக்குச் சுமார் 190 கலோரி, 16 கிராம் கொழுப்பு, 7 கிராம் கார்போஹைட்ரேட். ரெட்யூஸ்டு ஃபேட்டில் அதே 190 கலோரி, 12 கிராம் கொழுப்பு, 15 கிராம் கார்போஹைட்ரேட். கொழுப்பில் 4 கிராம் குறைந்ததால் போனது 36 கலோரி. கார்போஹைட்ரேட்டில் 8 கிராம் கூடியதால் வந்தது 32 கலோரி. இந்தக் கைக்குக் கொடுத்து அந்தக் கையில் வாங்கிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. உடம்பு இளைக்க வேண்டும் என்று இதை வாங்குபவருக்கு ஸ்பூன் கணக்கில் எந்த லாபமும் இல்லை. எடை போட்டுச் சாப்பிடுபவருக்குச் சின்ன வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும்: கிராமுக்குக் கிராம் பார்த்தால் கொழுப்பு குறைத்தது பத்து சதவீதம் போலக் கலோரி குறைவு. ஆனால் பீனட் பட்டரைத் தராசில் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? ஸ்பூனால்தான் எடுக்கிறோம்.

16 கிராமிலிருந்து 12 கிராம் என்பது தற்செயலான எண் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ-வின் விதிப்படி, ஒரு பொருளுக்கு ‘ரெட்யூஸ்டு ஃபேட்’ என்று பெயர் வைக்கவேண்டுமானால் வழக்கமான வகையைவிடக் குறைந்தது 25 சதவீதம் கொழுப்பு குறைவாக இருக்கவேண்டும். 16-இல் 25 சதவீதம் சரியாக 4. விதி கேட்கிற அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் இல்லை.

இதே நிர்வாகத்தின் இன்னொரு விதியும் வாங்குகிறவருக்கு உதவும். பீனட் பட்டர் என்று பெயர் போட்டு விற்கவேண்டுமானால் அதில் குறைந்தது 90 சதவீதம் கடலை இருக்கவேண்டும். இந்த 90 சும்மா வந்துவிடவில்லை. 1959-இல் அரசு 95 சதவீதம் வேண்டும் என்று ஆரம்பித்தது. உற்பத்தியாளர்கள் 87 போதும் என்றார்கள். அரசு 90-க்கு இறங்கிய பிறகும், மீதி இருந்த மூன்று சதவீதத்துக்காக ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. ரூத் டெஸ்மாண்ட் என்ற இல்லத்தரசி, நுகர்வோர் சார்பில் அந்த விசாரணைகளில் உட்கார்ந்து வாதாடினார். பீனட் பட்டர் பாட்டி என்றே அவரைச் செல்லமாக அழைத்தார்கள். கடைசியில் 90 சதவீதம் என்று முடிவாகி, 1970-இல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வீட்டுச் சமையலறையில் இருந்து புறப்பட்ட ஒருவர், குழந்தைகள் தின்னும் பொருளில் கடலைதான் இருக்கவேண்டும் என்று அவ்வளவு காலம் விடாமல் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மதிப்பாக இருக்கிறது. கடலை 60 சதவீதமே உள்ள டப்பாவின் முகப்பில் வெறும் ‘பீனட் பட்டர்’ என்று இல்லாமல் ‘பீனட் பட்டர் ஸ்ப்ரெட்’ என்று போட்டிருப்பது அந்த விதியால்தான். கடையில் அந்த ‘ஸ்ப்ரெட்’ கண்ணில் பட்டால் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்.

பின்பக்கம் படிக்கும்போது பலர் நேராகச் சர்க்கரை வரிக்குப் போகிறார்கள். ரெட்யூஸ்டு ஃபேட்டில் அது 4 கிராம் அளவில்தான் இருக்கும். “நாலு கிராம்தானே, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, பரவாயில்லை” என்று வைத்துவிடுவார்கள். ஆனால் கார்போஹைட்ரேட் வரியில் 15 இருக்கிறது. நார்ச்சத்து 2, சர்க்கரை 4 போக மீதி 9 கிராம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் கடலையுடையது. பெரும்பங்கு கார்ன் சிரப் சாலிட்ஸ், அதாவது மக்காச்சோள மாவுச்சத்தைப் பாதி உடைத்து, பாகாக்கி, உலர்த்திய தூள். இதில் குளுக்கோஸ் மூலக்கூறுகள் சின்னச் சின்னச் சங்கிலிகளாக இருக்கும். ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்கிற மூலக்கூறுகளை மட்டும்தான் லேபிளில் சர்க்கரை என்று கணக்குக் காட்டவேண்டும். அதைவிட நீளமான சங்கிலிகள் வெறும் கார்போஹைட்ரேட் கணக்கில் போய்விடும். நம் குடலுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. அந்தச் சங்கிலிகளைச் சட்டென்று உடைத்து குளுக்கோஸாக ரத்தத்துக்குள் அனுப்பிவிடும்.

எங்கள் வீட்டு முடிவு இந்த இடத்தில்தான் விழுந்தது. ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருக்கிறவருக்குச் சர்க்கரையும் சுத்திகரித்த மாவுச்சத்தும்தான் முதல் எதிரி. தேவைக்கு மேல் வருகிற அந்த மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. கடலைக்கு கிளைசீமிக் குறியீடு 14-ஐ ஒட்டித்தான். ரத்தச் சர்க்கரையை மிக மெதுவாக ஏற்றுகிற உணவு அது. அப்படிப்பட்ட பொருளை எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சோளப்பாகுத் தூள் வகையறாவைச் சேர்த்து, ‘கொழுப்பு குறைவு’ என்று சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிற மனிதருக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதிலும் நம் காலை உணவில் இட்லி, தோசை, உப்புமா, ரொட்டி என்று மாவுச்சத்து ஏற்கெனவே நிறைய. குறைவது புரதமும் நல்ல கொழுப்பும்தான். ரொட்டிமேல் தடவுகிற பொருளும் மாவுச்சத்தாக இருக்கவேண்டுமா?

சரி, குறைந்த அந்த 4 கிராம் கொழுப்பு எப்படிப்பட்டது? கடலை எண்ணெயில் பாதி ஒலீயிக் அமில வகை, ஆலிவ் எண்ணெயில் நிறைய இருப்பதும் அதுவே. அடுத்தது லினோலியிக் அமிலம். இரண்டுமே நிறைவுறாக் கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு ஆறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. இந்த நிறைவுறாக் கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் சர்க்கரை வைப்பதால் இதயத்துக்கு நன்மை என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2003-இல் எஃப்டிஏ, வேர்க்கடலையையும் சேர்த்துப் பெரும்பாலான கொட்டை வகைகளில் தினம் ஒன்றரை அவுன்ஸ், அதாவது 42 கிராம் அளவு, நிறைவுற்ற கொழுப்பு குறைந்த உணவோடு சாப்பிட்டால் இதய நோய் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்ற வாசகத்தைப் பாக்கெட்டில் போட அனுமதித்தது. நிபந்தனையோடு கொடுத்த அனுமதிதான் அது, உறுதிமொழி இல்லை. ஆனால் கடலைக் கொழுப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு அது போதும். 2016-இல் புதிய ஊட்டச்சத்து லேபிளை அறிவித்தபோது, ‘கொழுப்பிலிருந்து வரும் கலோரி’ என்ற வரியையே எடுத்துவிட்டார்கள். எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எந்தக் கொழுப்பு என்பதே முக்கியம் என்று காரணமும் சொன்னார்கள். சேர்த்த சர்க்கரைக்குத் தனி வரி வந்தது அந்த லேபிளில்தான். கொழுப்பு குறைத்த டப்பாக்கள் பெருகிய 1990-களின் நம்பிக்கை வேறு, இன்றைய லேபிள் சொல்வது வேறு.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்யவேண்டும். ரெட்யூஸ்டு ஃபேட் டப்பாவில் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் இருக்கிறது என்று சிலர் பயமுறுத்துவார்கள். முன்பு போட்டது பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய். அதில்தான் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு வரும். அதை அமெரிக்காவில் 2018-இலிருந்து உணவில் சேர்ப்பதற்குத் தடை. இப்போது போடுவது முழுதாக ஹைட்ரஜன் ஏற்றியது, அதுவும் எண்ணெய் பிரியாமல் பிடித்துவைக்க ஒன்றிரண்டு சதவீதம். அந்த அளவுக்காக நான் அந்த டப்பாவை ஒதுக்கவில்லை. சாதாரண இனிப்பு பீனட் பட்டரிலும் அதே எண்ணெய் அதே அளவில் இருக்கிறது. கொழுப்பு குறைத்த வகைகள் சிலவற்றில் நியாசின், ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் தனியாகச் சேர்க்கிறார்கள். கடலை குறைந்ததால் போனதை ஈடுகட்டத்தான் அது என்று நினைக்கிறேன். இருந்தாலும் சேர்த்தது சேர்த்ததுதான்.

இன்னொரு பக்கம், ‘நேச்சுரல்’ என்று எழுதியதெல்லாம் நான் சொல்கிற வகை இல்லை. இதில் பலர் தடுமாறுகிறார்கள். அந்தப் பெயருக்கு எஃப்டிஏ முறையான விதி எதுவும் வகுக்கவில்லை. ஸ்கிப்பி, ஜிஃப் இரண்டும் நேச்சுரல் என்ற பெயரில் விற்கிற வகைகளில் சர்க்கரையும் பாமாயிலும் இருக்கின்றன. கிளற வேண்டியதில்லை என்று முகப்பில் போட்டிருந்தால் பெரும்பாலும் பாமாயில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. சேர்ப்பது கொஞ்சம்தான் என்றாலும், கடலைக்கு அது தேவையே இல்லை. நான் பார்ப்பது பொருட்கள் பட்டியல் மட்டுமே: கடலை, உப்பு. அதோடு பட்டியல் முடிந்துவிட வேண்டும். ஸ்மக்கர்ஸ் நேச்சுரல், மாசசூசெட்ஸ்காரர்களின் டெடி, காஸ்ட்கோ கடையின் கிர்க்லேண்ட் ஆர்கானிக் எல்லாம் அந்த வகையில் வரும். உப்பும் இல்லாத பாட்டில்கள்கூட உண்டு. ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது வசதி.

பராமரிப்பில் கொழுப்பு குறைத்ததுதான் ஜெயிக்கிறது, அதை மறைக்க வேண்டாம். திறந்தால் தடவலாம், அலமாரியில் வைக்கலாம், கையில் ஒட்டாது. நேச்சுரலைத் திறந்தால் மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும். மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, எண்ணெய் மிதக்குதே, கெட்டுப்போச்சா?” என்றார். “இல்ல அத்தை, நம்ம கடலெண்ணெய்தான், பிரிஞ்சு நிக்குது” என்றதும் ஒரு சொட்டு விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த எண்ணெயைக் கீழே கொட்டிவிடாதீர்கள். கொழுப்பு குறையட்டும் என்று கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேல்பாதி சாப்பிட்டு முடிந்ததும் அடியில் இருப்பது வறண்டு, ரொட்டியைக் கிழிக்கிற கட்டியாகிவிடும். கடைசியில் குப்பைக்குத்தான் போகும். நல்ல வழி இது: வாங்கி வந்ததும் பாட்டிலைத் தலைகீழாக ஒரு நாள் வைத்துவிடுங்கள். எண்ணெய் அடியிலிருந்து மேலே ஏறிவரும்போது பாதி வேலை தானாக நடந்துவிடும். அப்புறம் நீளமான கத்தியை அடிவரை இறக்கி, சுற்றாமல், மேலும் கீழுமாகப் புரட்டுங்கள். ஒன்றிரண்டு ஸ்பூனை முன்கூட்டியே வேறு கிண்ணத்தில் எடுத்துவிட்டால் எண்ணெய் வழியாது. ஒருதடவை நன்றாகக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுபடி பிரிவது மிக மெதுவாகத்தான் நடக்கும். எண்ணெய் காறிப்போகாமல் இருக்கவும் ஃபிரிட்ஜ்தான் நல்லது. குளிரில் இறுகிவிடும் என்பது உண்மை. சூடான ரொட்டியில் வைத்தால் இளகிவிடும். ஓட்ஸில் கலப்பவருக்குப் பிரச்சினையே இல்லை. பாட்டிலுக்கு ஒருதடவை ஐந்து நிமிஷ வேலை. அதற்காக 60 சதவீதக் கடலைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

நேச்சுரலுக்கு நம் சமையலறையில் இன்னொரு பயனும் இருக்கிறது. இது வெறும் வறுத்தரைத்த கடலை. இரண்டு ஸ்பூன் எடுத்து, வறுத்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, வெந்நீர் விட்டு இளக்கி, கடுகு உளுந்து கறிவேப்பிலை தாளித்தால் தோசைக்கு வேர்க்கடலைச் சட்னி தயார். வாரநாள் காலையில் கடலை வறுத்துத் தோல் நீக்க நேரம் எங்கே இருக்கிறது? கத்தரிக்காய்க் குழம்பு நீர்த்துப்போனால் ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றலாம். இனிப்பும் சோளப்பாகும் சேர்ந்த ஸ்ப்ரெட்டில் இதைச் செய்தால் சட்னி தித்திக்கும்.

நிஜமாகவே கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறவர்கள் உண்டு. பித்தப்பையில் கல் இருப்பவர்கள், கணையத்தில் அழற்சி வந்து தேறியவர்கள், கொழுப்பு செரிக்காதவர்கள். அவர்களுக்கு இங்கே நான் சொல்வது பொருந்தாது. ஆனால் அவர்களுக்கும் ரெட்யூஸ்டு ஃபேட் டப்பா சரியான விடை என்று தோன்றவில்லை, ஏனென்றால் அதிலும் 12 கிராம் கொழுப்பு இருக்கிறதே. அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பார்க்கவேண்டியது பீனட் பட்டர் பவுடர். வறுத்த கடலையை அழுத்தி எண்ணெயைப் பெரும்பகுதி பிழிந்துவிட்டு, மிச்சத்தைத் தூளாக்குவது. நம் ஊர்ச் செக்கில் எண்ணெய் போக மிஞ்சுகிற கடலைப் புண்ணாக்கும் இதே வேலையில்தான் கிடைக்கிறது. இங்கே மனிதர் சாப்பிடும் தரத்தில், சுத்தமாகச் செய்கிறார்கள். பிபி2 என்ற பெயர் அமெரிக்காவில் பரவலாகத் தெரிந்தது. இரண்டு டேபிள்ஸ்பூன், 13 கிராம் தூளில் 60 கலோரி, ஒன்றரை கிராம் கொழுப்பு, 6 கிராம் புரதம். எண்ணெயை நிஜமாகவே எடுத்திருக்கிறார்கள், அந்த இடத்தை வேறெதையாவது போட்டு நிரப்பவில்லை. கொஞ்சம் சர்க்கரையும் உப்பும் சேர்த்த வகையும் உண்டு, வெறும் கடலைத் தூளும் உண்டு, பின்னதையே வாங்குங்கள்.

பவுடரில் என் அனுபவம் குறைவு. ஓட்ஸிலும் மோரில் அடித்தும் சாப்பிட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது. தண்ணீரில் குழைத்து ரொட்டியில் தடவியபோது பீனட் பட்டர் சாப்பிட்ட திருப்தி வரவில்லை. எண்ணெயோடு வைட்டமின் ஈ-யும் பெரும்பாலும் போய்விடுகிறது. பசி தாங்குவதிலும் நேச்சுரல்தான் எனக்குத் தேவலை என்று பட்டது, ஆனால் அது என் வயிறு சொல்கிற சாட்சி மட்டுமே. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

பாதாம் பட்டர், முந்திரி பட்டர் எல்லாம் என்ன என்று கேட்பீர்கள். பாதாமில் வைட்டமின் ஈ-யும் கால்சியமும் நார்ச்சத்தும் கடலையைவிடக் கூடுதல், புரதம் கொஞ்சம் குறைவு, விலை நிறையக் கூடுதல். முந்திரியில் புரதமும் நார்ச்சத்தும் இன்னும் குறையும். இந்த இரண்டிலும் கொழுப்பு குறைத்த டப்பாக்களைக் கடைகளில் நான் பார்த்ததே அரிது. பட்டியலில் பாதாமைத் தவிர வேறு எதுவும் இல்லாததைப் பார்த்து வாங்கினால் போதும். தினசரிக்கு நான் கடலையோடு நிற்கிறேன்.

ஊரில் இருக்கிற உறவினர்களும் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கடைகளில் இனிப்பு சேர்த்ததா சேர்க்காததா என்ற தேர்வுதான் பெரும்பாலும் எதிரே நிற்கிறது. அங்கேயும் இதே வழிதான்: பட்டியலைப் படித்து, கடலை மட்டும் உள்ளதை எடுங்கள். இல்லையென்றால் வீட்டு மிக்ஸியே போதும். கடலையைச் சிறு தீயில் பொன்னிறமாக வறுத்து, ஆறவிட்டு, தோலைப் புடைத்துவிட்டு, ஈரமே இல்லாத சின்ன ஜாரில் அரையுங்கள். முதலில் தூளாகும், பிறகு பந்துபோல் திரளும், பக்கங்களை வழித்துவிட்டு நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் எண்ணெய் விட்டு இளகும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, எண்ணெயும் ஊற்றத் தேவையில்லை. மோட்டார் சூடாகிற மாதிரி தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

வீட்டில் அரைக்கிறவர்கள் கவனிக்கவேண்டிய முக்கியமான விஷயம் கடலையைப் பொறுக்குவது. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை தெரிகிறது, வாயில் போட்டால் கசக்கிறது என்றால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். ஈரத்தில் கிடந்த கடலையில் வளர்கிற ஒருவகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைப் பாதிக்கும் நஞ்சு அது. அமெரிக்காவில் உணவுப்பொருளில் அதற்கு உச்சவரம்பு நூறு கோடியில் 20 பங்கு. அவ்வளவு சொற்ப அளவையே கட்டுப்படுத்துகிறார்கள் என்றால் அதன் வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. மொத்தமாக மூட்டை வாங்கி மழைக்காலத்தில் சமையலறை மூலையில் வைப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல கடையில் வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது. இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் பரிசோதனைக்கு உட்பட்டு வருகிற பாட்டிலையே வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் அளவு ஒன்றுதான். இரண்டு டேபிள்ஸ்பூன் என்பது தலைதட்டிய அளவு. மேலே குவித்து எடுத்தால் அதுவே மூன்றாகிவிடும், 190 கலோரி 280-ஐத் தாண்டிவிடும். நேச்சுரல்தானே என்று பாட்டிலோடு ஸ்பூனைப் போட்டு டிவி முன்னால் உட்காருவதற்கு இங்கே நான் சொன்ன எதுவும் அனுமதி இல்லை. எங்கள் வீட்டில் என் கணவருக்கு காலையில் இரண்டு, ரொட்டி ஒரு துண்டோடு. அன்றைக்கு இரவு வேர்க்கடலைச் சட்னி என்றால் காலையில் ஒன்று.